ஆயுத பூஜைக்குத் துடைத்த சர்வர்

நகரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் கணினிகளைப் பராமரிக்கிறேன். நோயாளிகளின் முடிவுகளெல்லாம் ஒரே சர்வரில் இருக்கின்றன. புதிய பரிசோதனைக் கருவியை இணைக்க, அந்த சர்வரின் டேட்டாபேஸ் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அது மறுத்துவிட்டது. தன்னை நிறுவியபோது எடுத்துவைத்த கோப்புகளைக் கேட்டது. அவை இருக்க வேண்டிய மறைவான ஃபோல்டர் காலியாக இருந்தது.

கணினியில் வேலை பார்த்த பெண் தானாகவே சொன்னாள். ஊர் அடி அண்ணாமலை.

"ஆயுத பூஜைக்கு எல்லாத்தையும் சுத்தம் பண்ணச் சொன்னாங்க சார். டிஸ்க்ல இடம் கம்மியா இருந்துச்சு. பேரே புரியாத ஃபைலா கெடந்துச்சு, குப்பைன்னு அழிச்சிட்டேன்."

முதலாளி சிரித்தார். "பொட்டு வெக்கச் சொன்னா மூளையையே தொடச்சி வெச்சிருக்கு! சரியாவுமா? இல்லன்னா இந்தப் பொண்ணு வேற எடம் பாத்துக்கட்டும்."

"வேங்கிக்கால் கிளையிலயும் இதே சாஃப்ட்வேர் இருக்குதுங்க. அங்கிருந்து எடுத்துப் பாக்கலாம்ங்க" என்றேன்.

"பாக்கலாம்னா? ஆவுமா ஆவாதா?"

"பாத்துட்டுதாங்க சொல்ல முடியும்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சரியாகிவிடும் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் சோதிக்காத எதையும் உறுதியாகச் சொல்லும் வழக்கம் எனக்கில்லை.

ஒரே கோப்புக்கு ஒவ்வொரு கணினியும் தனித்தனிப் பெயர் வைத்துக்கொள்ளும். அதனால் கிளையிலிருந்து கொண்டுவந்த ஒவ்வொன்றையும் இங்கிருந்த பதிவோடு ஒப்பிட்டு, பெயர் மாற்றி, உரிய இடத்தில் வைத்தேன். அவசரப்படவில்லை. கடைசியில் சர்வர் புதுப்பிப்பை ஏற்றுக்கொண்டது. அவள் அதற்கு முன்பே வேலையை விட்டுவிட்டாள்.

முதலாளியே வரச் சொன்னார் என்று தொலைபேசியில் தெரிவித்தேன்.

"வேணாங்க சார். அண்ணனோட டீக்கடையிலயே வேலைக்கு நின்னுட்டேன்."

அடுத்த ஆயுத பூஜைக்கு நான்தான் சர்வருக்குச் சந்தனம் வைத்தேன். காற்றுத் துளைகளில் வழிந்துவிட்டது. அவள் காகிதத்தை மடித்து அடியில் பிடித்துக்கொண்டு வைப்பாள்.

சென்ற பௌர்ணமியில் கிரிவலம் போனபோது அடி அண்ணாமலையில் அந்த டீக்கடையில் நின்றேன். கேட்காமலே சர்க்கரை கம்மியாகப் போட்டுக் கொடுத்தாள்.

"சர்வர் நல்லா இருக்குதா சார்?"

"நல்லா இருக்குதும்மா."

அன்று நான் அதைப் பார்த்திருக்கவில்லை. ஆனாலும் உடனே சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு அடுத்தவருக்கு டீ ஆற்றப் போனாள்.