"என்னோட செல்ஸ்"

மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டே மகள் தோழியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"என்னோட செல்ஸ் மோசமா இருக்குடி. லைசோசோம் வேலையே செய்யல. கேன்சர் செல் வேற எப்படி இருக்கும்? உள்ள செரிக்காததெல்லாம் வெளிய வருது. இன்னும் ரெண்டு வாரம் தாங்கினா போதும்."

படியில் வாளியோடு நின்ற நான் சத்தமில்லாமல் இறங்கி வந்துவிட்டேன். அவள் புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவி என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் "என்னோட" என்ற சொல் மட்டும்தான் காதில் நின்றது. ஒரு மாதமாக அவள் இளைத்திருந்தாள். தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். எல்லாம் பொருந்தியது.

கேட்கத் தைரியமில்லை. இரண்டு நாள், நான் பாடம் நடத்தும் பள்ளியில் பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தேன். ரசத்தில் இரண்டு தடவை உப்பு போட்டேன். யாருக்கும் சொல்லாமல் தேனாம்பேட்டையில் ஒரு டாக்டரிடம் நேரம் வாங்கினேன்.

சனிக்கிழமை, தி.நகரில் ரவிக்கைத் துணி எடுக்கலாம் என்று சொல்லி மயிலாப்பூரில் அவளை ஆட்டோவில் ஏற்றினேன். கிளினிக் வாசலில் நிறுத்தச் சொன்னதும் பலகையை நிமிர்ந்து பார்த்தாள். 'புற்றுநோய் சிகிச்சை நிபுணர்.' என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, உனக்கா? எத்தன நாளா மறைச்ச?"

"எனக்கில்லடி. உனக்கு."

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "யாருக்குன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிக்கினு எறங்குங்கம்மா. பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிச்சிக்கினு கீறான்."

பக்கத்து ஜூஸ் கடையில் உட்கார்ந்து, மாடிப்படியில் கேட்டதை அழுதுகொண்டே சொன்னேன். அவளும் அழுதாள். பிறகு கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள்.

"லேப்ல எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வோம். அவன் செல்ஸ், என் செல்ஸ். நாங்கதானே வளக்கறோம்? அதுக்குத் தீனி போடத்தான் ஞாயித்துக்கிழமையும் ஓடறேன். சாப்பிட எங்க நேரம்?"

பிறகு பொறுமையாகச் சொன்னாள். லைசோசோம் என்பது செல்லுக்குள் பழைய சரக்கைச் செரித்து மறுபடி பயன்படுத்தக் கொடுக்கும் சின்னப் பை. சில புற்றுநோய்ச் செல்களில் அது சரியாக வேலை செய்வதில்லை. அப்போது செல் செரிக்காததைக் குட்டிக் குட்டிப் பொட்டலமாகக் கட்டி வெளியே தள்ளுகிறது. பக்கத்துச் செல்கள் அதை வாங்கிக்கொண்டு தாமும் குணம் மாறலாம். நோய் பரவவும் அது உதவலாம். அந்தப் பொட்டலங்களில் என்னென்ன போகிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. சோதனை முடியும்வரை, அந்த இரண்டு வாரம், செல்கள் சாகாமல் இருக்க வேண்டுமாம்.

"உன்ன மாதிரியேதாம்மா. ரெண்டு நாளா உள்ளேயே வெச்சுக்கிட்டு எங்க எல்லார் மேலயும் கக்கின. அப்பா பாவம், அந்த ரசத்தையும் வாயத் திறக்காமக் குடிச்சாரு."

டாக்டரிடம் போகவில்லை. ரவிக்கைத் துணி எடுத்தோம்.

இன்னமும் அந்தப் படியில் என் கால் தயங்குகிறது. போனில் பேசும்போது நான் கடந்து போனால், "லேப் செல்ஸ்டி, லேப் செல்ஸ்!" என்று எனக்காகவே கத்துகிறாள்.

நேற்று முகம் மலர வந்து, "ரெண்டு வாரம் தாங்கிடுச்சும்மா" என்றாள். 'நல்லா இருக்கட்டும்' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கேன்சர் செல்லையா வாழ்த்துவது என்று சுதாரித்து, அவள் தட்டில் இன்னொரு தோசை போட்டேன்.