விசிறி இரைச்சலுக்குள்ளே

இதைக் கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். உர்சுலா பொய் சொல்லக்கூடியவள் அல்ல. இது அவளுக்கு நடந்தது. பட்டப்பகலில் நடந்தது.

1983. ராபின்சன் ரோட்டில் ஒரு காப்புறுதி நிறுவனம். அங்கே கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவர் இயேசுதாசன். அவர் மனைவி உர்சுலா அதே பிரிவில் மூத்த ஆப்பரேட்டர். அந்த ஆண்டு தவக்காலத்தில் அவர் தாங்க முடியாத வயிற்று வலியோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். பார்வை நேரம் முடிந்ததும் உர்சுலா வீட்டுக்குப் போகவேண்டியதாயிற்று. விடிவதற்குள் அவர் போய்விட்டார்.

கண்ணீர் காயும் முன்பே அவர் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. பழைய கம்ப்யூட்டரை மாற்ற வேண்டும். அலமாரி அலமாரியாக அறை முழுக்க நிற்கும் பெரிய இயந்திரம் அது. விற்பவர்கள் இரண்டு புதியவற்றைக் காட்டினார்கள். ஒன்றில் ப்ராசஸரைக் குளிரவைக்க விசிறிகள் காற்றடிக்கும். மற்றதில் அதை ஒட்டிய குழாய்களில் குளிர்ந்த தண்ணீர் ஓடும். எதை வாங்குவது? உர்சுலாதான் முடிவு சொல்ல வேண்டும்.

"காத்தே போதும்க்கா," என்றார் பராமரிப்பு எஞ்சினியர் மருதப்பன். "தண்ணி ஒழுகுச்சுன்னா மெஷினே போச்சு லா."

"வருஷா வருஷம் வேலை கூடுது, மருதப்பன். அந்தச் சூட்டுக்குக் காத்து ஈடு கொடுக்குமா? தண்ணின்னா சட்டுனு இழுத்துடும்."

"சார் இருந்தா என்ன சொல்லியிருப்பாரு?"



அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே அலுவலகத்துக்குப் போனாள். வெளியே நல்ல வெயில். மாடியில் ஒரு ஆளும் இல்லை. கம்ப்யூட்டர் அறையில் பழைய இயந்திரத்தின் விசிறிகள் மட்டும் இரைந்துகொண்டிருந்தன.

ஊஊஊம்...

இரைச்சலுக்குள் யாரோ இருமினார்கள்.

திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

ஆனால் இயேசுதாசனின் நாற்காலி... அவள் உள்ளே வரும்போது சுவரைப் பார்த்துக் கிடந்தது. இப்போது அவளைப் பார்த்து நின்றது.

எலும்பை நடுக்கும் குளிர் அந்த அறையில். நாற்காலியைத் தொட்டாள்.

சூடாக இருந்தது.

"உர்சு..."

அவர் ஒருவர்தான் அவளை அப்படிக் கூப்பிடுவார்.

ஓடத் தோன்றவில்லை. அழுகைதான் வந்தது.

"என்னங்க... காத்தா? தண்ணியா?"

ஊஊஊம்...

"தண்ணி..."

காதோரத்தில்.

"தண்ணி... உர்சு..."

மறுநாள் அவள் தண்ணீர் இயந்திரம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டாள். மருதப்பன் மன்றாடிப் பார்த்தார்.

"சாரே சொல்லிட்டாரு," என்றாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். 

புது இயந்திரம் வந்தது. பழைய விசிறிகளை நிறுத்திய அன்று அந்தப் பேரிரைச்சல் அடங்கியது. உர்சுலா அந்த அமைதியில் காதைத் தீட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றாள். யாரும் கூப்பிடவில்லை. அன்றுதான் அவரை இரண்டாம் முறை அடக்கம் செய்ததுபோல் இருந்தது அவளுக்கு.

ஆனால் குழாய்களுக்குத் தண்ணீர் விடும் தொட்டியில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. ஊற்ற ஊற்றக் குறைந்தது. மருதப்பன் தரைப்பலகைகளைத் தூக்கினார். குழாய் நெடுகக் கையால் தடவினார். எங்கும் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"எல்லாம் மூடின குழாய்க்கா. தண்ணி எங்கதான் போகுது?"

கடைசிவரை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கிறிஸ்துமஸுக்குக் கறி வாங்கத் தேக்கா மார்க்கெட்டுக்குப் போனாள் உர்சுலா. அங்கே ஒரு பெரியவர் அவளை அடையாளம் கண்டு நிறுத்தினார். பெயர் சேக் தாவூது. ஆஸ்பத்திரியில் இயேசுதாசனுக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர்.

"சொல்லலாமா வேணாமான்னு இருந்தேம்மா," என்றார். "அன்னிக்கு ராத்திரி பூரா உங்க பேருதான். உர்சு, உர்சுன்னு... ஆப்பரேஷனுக்கு முன்னாடி வாயில எதுவும் படக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. மனுஷன் வேற ஒண்ணும் கேக்கலைம்மா. ஒரு வாய் தண்ணி... கண்ணு மூடுற வரைக்கும் அதைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாரு."