குடிக்காதவன் வயிறு

கீழ்பென்னாத்தூர் சகாதேவனுக்கு அந்த வலி சின்ன வயதிலேயே தொடங்கிவிட்டது. மேல்வயிற்றில் கிளம்பி முதுகைத் துளைத்துக்கொண்டு போகும். முழங்காலைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்தால்தான் மூச்சே விட முடியும். சாப்பிட்டால் வலி கூடுமென்று பயந்து பாதிச் சோற்றோடு எழுந்துவிடுவான். சாப்பிட்ட சோறும் உடம்பில் ஒட்டாமல் எண்ணெய்ப் பிசுக்காய்க் கழிந்தது. திருவண்ணாமலை வேர்க்கடலை மண்டியில் மூட்டை தூக்குகிறவனுக்கு விலா எலும்பு வெளியே தெரிந்தது.

மண்டியில் அவன் சுருண்டு விழும்போதெல்லாம், "சரக்கு ஜாஸ்தியாயிட்சி" என்று சிரிப்பார்கள். மதுவிலக்குக் காலம்தான், ஆனாலும் கள்ளச்சாராயம் கிடைக்கிற இடம் எல்லாருக்கும் தெரியும். சகாதேவனுக்கும் தெரியும். போனதில்லை. அவன் அப்பா குடித்தே செத்தவர். அந்த நாற்றமே அவனுக்கு ஆகாது.

மாமனார் ஆதிமூலம் மகளைக் கூட்டிப்போக வந்தார்.

"குடிகாரன் கிட்ட வாழ்ந்தது போதும் சரசு. கெளம்பு."

"அவரு குடிச்சி நீ பாத்தியாப்பா?"

"ஊரே சொல்லுதே!"

"ஊரா அவரு பக்கத்துல படுக்குது?" என்றாள் சரசு. ஆதிமூலம் தனியாகத்தான் பஸ் ஏறினார்.

எழுபத்தெட்டாம் வருஷக் கோடையில் வந்த வலி விடவே இல்லை. சரசு அவனைச் சென்னைக்குக் கொண்டுபோய் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

வார்டில் இளம் டாக்டர் ஒருவர், "தினம் எவ்வளவு குடிப்பே?" என்றார்.

"குடிக்கிறதில்லீங்க."

"மூட்டை தூக்குறவன் குடிக்க மாட்டியா?" நர்ஸ் பக்கம் திரும்பி, "குடிப்பழக்கம் உண்டுன்னு எழுதிக்கோங்க" என்றார்.

வலிக்கான ஊசியோடு நர்ஸ் நெருங்கியபோது சகாதேவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். வியர்வை கொட்டியது.

"எழுதினத அடிச்சிட்டு வாங்க. அதுவரைக்கும் எனக்கு ஊசி வேணாம்."

அதட்டினார்கள், கெஞ்சினார்கள். அவன் படுக்கவில்லை. சத்தம் கேட்டுப் பெரிய டாக்டர் ராமகிருஷ்ணன் வந்தார். "ஊசி போட்டுக்கோப்பா. எக்ஸ்ரே எடுத்துட்டு நானே பதில் சொல்றேன்."

மறுநாள் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முதுகெலும்புக்குக் குறுக்கே வெள்ளை வெள்ளையாகக் கற்கள்.

"கணையத்துல கல்லு. குடிக்கிறவங்களுக்கு வர்ற நோவுதான். ஆனா நம்ம பக்கத்துல குடிக்காத இளவயசுக்காரங்களுக்கும் வருது. ஏன்னு எங்களுக்கே சரியாத் தெரியல." எழுதியிருந்ததை அடிக்கச் சொன்னார்.

"கேட்டியா?" என்றான் சகாதேவன்.

"எனக்கு எதுக்கு? எங்கப்பன் கேக்கணும்" என்றாள் சரசு.

அறுவையில் கணையக் குழாயைத் திறந்து கற்களை எடுத்து, அதைக் குடலோடு சேர்த்துத் தைத்தார்கள். வலி பெருமளவு போயிற்று. ஆனால் நோய் கணையத்தைத் தின்றிருந்தது. சர்க்கரை வியாதி வந்தது. கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைத்துத் தன் தொடையில் தானே இன்சுலின் போடக் கற்றான். சோற்றோடு செரிமான மாத்திரை. இனி மூட்டை தொடக்கூடாது. மண்டி முதலாளி வாசலில் காவலுக்கு உட்காரச் சொன்னார். "உக்கார வரலீங்க, தராசு புடிக்கிறேன்" என்றான். பிடித்தான்.

இரண்டு வருஷம் கழித்துத் தீபத்தன்று மத்தியானம். ஊசி போட்டிருந்தான், கூட்டத்தில் சிக்கிச் சாப்பாடு தள்ளிப்போனது. தேரடி வீதியில் கால் பின்னியது, நாக்குக் குழறியது. ஒரு போலீஸ்காரர் சட்டையைப் பிடித்தார்.

"பண்டிகை நாள்ல போதையா? நட ஸ்டேஷனுக்கு!"

சரசு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து முந்தானையில் முடிந்திருந்த சர்க்கரையை அவன் வாயில் திணித்தாள். "மோந்து பாருங்க சார்! மோந்து பாத்துட்டுப் பேசுங்க! சக்கரை கம்மியாயிட்சி அவருக்கு!"

போலீஸ்காரர் குனிந்தார். நிமிர்ந்தார். பிடி தளர்ந்தது. மெல்ல நகரப் பார்த்தவரின் குறுக்கே, சர்க்கரையில் கொஞ்சம் தெளிந்த சகாதேவன் நின்றான்.

"புடிச்சப்ப சத்தமா சொன்னீங்களே சார், இதையும் சொல்லிட்டுப் போங்க."

"சரி, குடிக்கல, போப்பா."

"அவங்களுக்கும் கேக்கணும்."

போலீஸ்காரர் சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். "யோவ், இந்தாளு குடிக்கலைய்யா!" என்று கத்திவிட்டு நடந்தார்.

சரசு புருஷனைப் பக்கத்து ஓட்டலுக்கு இழுத்துப் போனாள். நாலு இட்லி உள்ளே போன பிறகுதான் அவன் கை நடுக்கம் நின்றது.