இருபத்து நான்கு அகல் வைத்த சுவரைப் பார்க்க மடிக்கேரி போன கதை

போன ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை மைசூரிலிருந்து மடிக்கேரிக்குப் போனேன். மலை பார்க்க அல்ல. என் தங்கை சரோஜாவின் புது வீட்டில் ஏதாவது குறை இருக்கிறதா என்று பார்க்கத்தான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாக்கியை எழுதுவது சுலபம். (நான் பேசப் பேச போன் எழுதிக்கொள்கிறது. மருமகள் எழுத்துப் பிழையை மட்டும் திருத்துவாள். சரோஜாவைப் பற்றிச் சொன்னதில் கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.)

சரோஜாவும் அவள் வீட்டுக்காரர் பழனிசாமியும் மடிக்கேரிக்கு அப்பால் ஒன்பது கிலோமீட்டரில், மலைச்சரிவை வெட்டி வீடு கட்டினார்கள். தை மாதம் புதுமனை புகுவிழா. எனக்கு அழைப்பு எப்படி வந்தது தெரியுமா? குடும்ப வாட்ஸ்அப் குழுவில், எல்லோருக்கும் போட்ட அதே பத்திரிகை. கூடப் பிறந்த அக்காவுக்குத் தனியாக ஒரு போன் கிடையாது. நான் போகவில்லை.

அன்று சாயந்திரம் ஒரு படம் போட்டாள். வீட்டுக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு கருங்கல் சுவர். அதில் வரிசையாக இருபத்து நான்கு சின்ன மாடம், ஒவ்வொன்றிலும் ஓர் அகல் எரிகிறது. அதை எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்தேன் என்பது எனக்கும் என் போனுக்கும்தான் தெரியும். அப்புறம் தினமும் காலையில் பனிமூட்டம், காபி டம்ளர், "காலை வணக்கம்". குழுவில் இதயமாகக் குவியும். மைசூர் விஜயநகரில் என் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு மாடியில் இருக்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். அதைப் பார்த்து யார் இதயம் போடுவார்கள்?

பழைய கணக்கும் உண்டு. எங்கள் ஊர் ஹனூரில் ஆடு மேய்க்க ஆள் வேண்டும் என்று என்னை மூன்றாம் வகுப்போடு நிறுத்தினார்கள். அவள் பத்து வரை படித்தாள். அவளுக்கு எஸ்டேட் சூப்பர்வைசர் மாப்பிள்ளை, எனக்குக் கொத்தனார். முப்பது வருடம் மைசூரில் அவரோடு சித்தாளாகக் கலவை சுமந்தேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

விஜயநகரிலிருந்து பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ 130 ரூபாய். 6.20 வண்டி. கர்நாடகத்துப் பெண்கள் ஆதாரைக் காட்டினால் சாதாரண அரசு வண்டியில் காசில்லை; அட்டையை மறந்துவிடாதீர்கள். ஹுன்சூர் 45 கிலோமீட்டர், அங்கே இட்லி 40 ரூபாய், சட்னியில் தண்ணீர்தான் அதிகம். குஷால்நகர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. அதன் பிறகு சாலை மேலே ஏறுகிறது. இடது பக்கம் உட்கார்ந்தால் பள்ளம், வலது பக்கம் உட்கார்ந்தால் மலை. நான் வலது பக்கம். பச்சை மலையில் அங்கங்கே தோல் உரித்த மாதிரி சிவப்பு மண், அதன்மேல் நீலத் தார்ப்பாய் விரித்துக் கல் வைத்திருக்கிறார்கள். மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் இருக்க. அதைப் பார்த்துக்கொண்டே ஒரு வேண்டுதல் வைத்தேன்: சாமி, அந்த வீட்டில் ஒரே ஒரு குறையாவது காட்டு.

9.50க்கு மடிக்கேரி. மொத்தம் 120 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம். அங்கிருந்து ஜீப் 450 ரூபாய். டிரைவர் கன்னடத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"அந்தக் கல்சுவர் வீடா அம்மா? காபித் தோட்டமா இருந்த இடம். மேல இருந்த மரத்த எடுத்தாங்க, கீழ ஜேசிபி விட்டு அடிய வெட்டினாங்க. நான் அந்தப் பக்கம் வண்டிய நிறுத்த மாட்டேன், இறக்கி விட்டுட்டுத் திரும்பிடுவேன்."

"என்ன, பயமா?"

"எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு அம்மா" என்றார்.

சரோஜா வாசலுக்கு வந்தாள். புது நைட்டி, கையில் குடை.

"வாக்கா! இந்த ஏத்தத்துக்கே மூச்சு வாங்குதா?"

"உன்ற ஊட்டுக்கு வாறதுக்கே ஆறு மாசம் ஆச்சு. மூச்சு வாங்காம என்ன பண்ணும்?"

வீடு நன்றாகத்தான் இருந்தது. தேக்குக் கதவு, ஊஞ்சல், குழாயைத் திருகினால் வெந்நீர், ஜன்னல் முழுக்கப் பள்ளத்தாக்கு. எனக்குக் காபி இறங்கவில்லை. பின் படுக்கையறைக் கதவு மட்டும் கீழே உரசியது. தோளால் தள்ளித்தான் திறக்க வேண்டியிருந்தது. பிறகு கொல்லைப்புறம் போய் அந்தச் சுவரைப் பார்த்தேன். நடுவில் லேசாக வயிறு தள்ளியிருந்தது. மேலே வெட்டாமல் விட்ட சில்வர் ஓக் மரங்கள் வீட்டை எட்டிப் பார்க்கிற மாதிரிச் சாய்ந்திருந்தன. ஒரு மாடத்தில் அகலை எடுத்துவிட்டு விரலை விட்டேன். உள்ளே சிமெண்டு.

"இதுக்குள்ள பைப்பு இருந்துச்சா?" என்று பழனிசாமியிடம் கேட்டேன்.

"இருந்துச்சுங்கக்கா. சொவரு கட்டுன கொத்தனாரு வெச்சுட்டுப் போனாரு. எந்நேரமும் அழுக்குத் தண்ணி ஒழுகும், தவக்காளை வரும். ஒழுகற சொவரு இருந்தா ஊட்டுல செல்வம் தங்காதுன்னாங்க. பாலு காய்ச்சறதுக்கு முந்தியே அடைச்சுப்போட்டேன். அடைச்ச எடத்துல வெளக்கு வெச்சேன். எப்படி இருக்குதுங்?"

மலைக்குள் இறங்கும் மழை வெளியே வரத்தான் அந்த ஓட்டைகள். அடைத்தால் தண்ணீர் உள்ளேயே நின்று மண் கனத்துச் சுவரைத் தள்ளும். முப்பது வருடத்தில் இந்த மாதிரி எத்தனை சுவருக்குப் பைப் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்! கேட்ட குறையைச் சாமி காட்டிவிட்டார். ஆனால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்தச் சுவருக்கு நாலடி தள்ளித்தான் அவர்கள் இரண்டு பேரும் படுக்கிற கட்டில்.

சொன்னேன். சரோஜா சிரித்தாள்.

"வந்து ஒரு மணி நேரங்கூட ஆகல, அதுக்குள்ள சொவரு உளுந்துருமா? நீ கண்ணு வெக்காம இருந்தாச் சரி." சொன்னதோடு நிற்காமல், என்னை வைத்துக்கொண்டே வீட்டுக்கு உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடி வரவில்லை. "பாத்தியா, எத்தாப்பெரிய கண்ணு!" என்றாள்.

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பொறாமையில் பார்க்கிறேனோ? அந்த வயிறு நிஜமாகவே தள்ளியிருக்கிறதா, நான் தள்ள வைக்கிறேனா?

ஞாயிறு காலை மழை விடவில்லை. பழனிசாமி கோழி வாங்கப் போனார். சரோஜா சமையலறையில். நான் போய்க் கதவை இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தேன். நேற்றைவிட இறுகியிருந்தது. என் கண் கதவை இறுக்காது. தோட்டத்தில் கிடந்த கடப்பாரையை எடுத்து இடது ஓரத்து முதல் மாடத்தில் குத்தினேன். நான்காவது குத்தில் சிமெண்டு பெயர்ந்தது. டீக்கடை டீ நிறத்தில் தண்ணீர் பீய்ச்சி என் புடவை முழுக்க அடித்தது. இரண்டாவது, மூன்றாவது. படுக்கையறை நீளத்துக்குப் பத்து ஓட்டை திறந்திருப்பேன். சரோஜா கரண்டியோடு ஓடி வந்தாள்.

"ஐயோ, என்ற சொவத்த! வயிறெரிஞ்சு குத்தறயா நீ?"

"ஆமா, வயிறு எரியுது. அது வேற. இது வேற. தண்ணியப் பாருடி!"

"நீ எப்பவுமே இப்படித்தான். நான் பள்ளிக்கூடம் போனா ஸ்லேட்ட ஒடச்சவதான நீ!"

உடைத்தது உண்மை. அவளுக்கும் ஞாபகசக்தி குறைவில்லை. கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டாள். கோழி சாப்பிடாமல் இரண்டு மணி வண்டியில் திரும்பினேன். நான் குஷால்நகர் தாண்டுவதற்குள் குழுவில் குரல் பதிவு வந்துவிட்டது: "அக்கா பொறாமையில என்ற சொவத்தக் குத்திப்போட்டுப் போயிட்டா." அதற்கும் நாலு பேர் அழுகிற முகம் போட்டார்கள். யார் யார் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்கு போன். சரோஜா. சுவரில் அடைத்தபடியே இருந்த பதினான்கு ஓட்டைப் பக்கம் முழுவதும் இடிந்து, மரத்தோடும் மண்ணோடும் கொல்லைக்குள் இறங்கிவிட்டதாம். துணி துவைக்கிற கல், விறகுக் கொட்டகை எதுவும் இல்லை. நான் திறந்த பக்கம் நின்றதாம். மூன்று நாளாகச் சேற்றுத் தண்ணீர் நிற்காமல் வருவதைப் பார்த்துப் பயந்து, பழனிசாமி சத்தமில்லாமல் கட்டிலை முன் அறைக்கு மாற்றியிருந்தார்.

"அடிபடலையே?" என்றேன்.

"இல்ல. அக்கா, நான் கடப்பாரையப் புடுங்காம இருந்திருந்தா மிச்சத்தையும் குத்தியிருப்ப, இல்ல?"

"பையைக் கட்டிட்டுக் கெளம்பு. நின்ன பாதியும் நிக்குமுன்னு நம்பாத" என்றேன்.

மழைக் காலத்தில் மலைப்பக்கம் போகிறவர்களுக்கு: ஆனி கடைசியிலிருந்து புரட்டாசி வரை போகாமல் இருப்பதே நல்லது. போனால், தங்கும் வீட்டுக்குப் பின்னால் மலையை வெட்டியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். சுவரில் ஓட்டை இருந்து தெளிந்த தண்ணீர் ஒழுகினால் சந்தோஷப்படுங்கள். ஒழுகிக்கொண்டிருந்தது திடீரென்று நின்றாலும், சேறாக வந்தாலும், மரம் சாய்ந்தாலும், தரை வெடித்தாலும், நேற்றுத் திறந்த கதவு இன்று திறக்கவில்லை என்றாலும் அறை வாடகை போனால் போகட்டும், வெளியே வந்துவிடுங்கள். யாராவது பொறாமைக்காரி வந்து குறை சொன்னால், அவள் மனதைப் பார்க்காதீர்கள், சொன்ன இடத்தைப் போய்ப் பாருங்கள்.

சரோஜாவும் பழனிசாமியும் மழை முடியும்வரை எங்கள் வீட்டில்தான். முதுகு வலி என்று என் ஜன்னலோரக் கட்டிலை அவள் எடுத்துக்கொண்டாள். அவள் வைக்கிற ரசம் நன்றாக இருக்கிறது என்று மருமகள் என் காதுபடச் சொல்கிறாள். இதையும் திருத்தாமல் போடட்டும். நேற்று காலை குழுவில் சரோஜா போட்ட ஒரு படம். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, அதன் பின்னால் சூரியன், தொட்டி மேல் ஒரு காக்கை. "காலை வணக்கம், மைசூர்."

பதினேழு இதயம். பதினோரு வருடமாக அதே தொட்டியைப் பார்க்கிறேன். எனக்கு ஏன் தோன்றவில்லை?