காலி விமானத்தின் வேகம்

என் அக்கா புருஷனுக்குக் கம்பெனியில் ஆமை என்று பெயர். இருபது வருஷமாகச் சின்னச் சரக்கு விமானம் ஓட்டுகிறார். அதற்கு மெக்கானிக் நான். காற்று குலுக்கத் தொடங்கினால் மச்சான் முதலில் வேகத்தைக் குறைப்பார். பிறகு மூக்கைச் சொறிவார்.

முதலாளிக்கு இரண்டுமே பிடிக்காது. ஓடுபாதை ஓரத்தில் கைக்கடிகாரத்தோடு நிற்பார். இன்னொரு தடவை தாமதமானால் வேலை கிடையாது என்று கடிதமே கொடுத்துவிட்டார். அக்கா அதைச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்தாள். மச்சான் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்.

மறுநாள் நானும் கூடப் போனேன். சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது மலைமேல் காற்று பிடித்து உலுக்கியது. என் டிபன் பாக்ஸ் மடியிலிருந்து எழும்பி, சற்று யோசித்து, இறங்கியது. மச்சான் வேகத்தைக் குறைத்தார், அதுவும் சுமையோடு போனபோது குறைத்ததைவிட அதிகமாக. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வண்டி காலி மச்சான். இப்பவாவது வேகமா போகலாம்ல?"

"காலிங்கறதாலதான் மெதுவா போறேன். சுமை இருந்தா காத்தால சட்டுனு அசைக்க முடியாது. காலி வண்டிய தூக்கி அடிச்சிடும். இந்த வேகத்துல பெரிய அடி விழுந்தா இறக்கை காத்துப் பிடிய விட்டுடும், கொஞ்சம் சரிவோம், சமாளிச்சுக்கலாம். வேகமா போனா பிடிய விடாது. ஒடியும்."

வேலை போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மூக்கைச் சொறிந்தார்.

பதினெட்டு நிமிஷம் தாமதம். வேலை போனது. மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை.

நான்காம் நாள் புது விமானி அதே மலை வழியாக, காலி விமானத்தோடு, எட்டு நிமிஷம் முன்னதாகவே வந்து இறங்கினார். முதலாளி கைகுலுக்கினார். நான் வழக்கம்போல டார்ச் அடித்து இறக்கையைப் பார்த்தேன். தகடு கசங்கிய சட்டை மாதிரி இருந்தது. அதைப் பிடித்திருக்கும் ரிவெட் ஆணிகளில் பதினொன்றுக்குத் தலையே இல்லை. இன்னொரு தடவை டார்ச் அடித்துப் பார்த்தேன். மச்சானிடம் நான் வாயடித்தது நினைவுக்கு வந்து வெட்கம் பிடுங்கித் தின்றது.

முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ரிவெட்டுகளை இரண்டு தடவை எண்ணினார். பிறகு தானே போய் மச்சானைக் கூட்டிவந்தார்.

இரண்டு மாதம் கழித்து, பழுது பார்த்த விமானத்தின் முதல் பயணத்தில் முதலாளியும் ஏறினார். நான் பின்னால் இருந்தேன். திரும்பும்போது காலி, மலைமேல் குலுக்கல். மச்சான் வேகத்தைக் குறைத்தார்.

"இன்னும் கொஞ்சம் மெதுவா போக முடியாதா?" என்றார் முதலாளி.

"இதுக்கும் வேகத்தக் கொறைச்சா பறக்காது சார்."

இருபத்திரண்டு நிமிஷம் தாமதமாக இறங்கினோம். முதலாளி கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.