இரவல் நெஞ்சு

உள்ளறையில் பீரோவை இழுக்கும் சத்தம் வீட்டையே உலுக்கியது. முன்னறையில் உட்கார்ந்திருந்த பெண் காதைப் பொத்திக்கொண்டாள்.

"என் மச்சான்தான். சுவத்துல ஈரம், அதான் நகத்துறான்," என்றார் பஸ் டிரைவர். கேட்காத கேள்விக்கு ஏன் பதில் சொன்னோம் என்று தன்மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்தது.

அவள் இதய டாக்டரின் கிளினிக்கில் முன்மேசையில் இருப்பவள். "போன் பண்ணிப் பண்ணிப் பாத்தோம் சார். எடுக்கவே இல்ல. வீட்டுக்குப் போற வழிதானேன்னு டாக்டர் என்னையே அனுப்பிட்டார்."

வருகிறவர்களை வாசலில் காயவைக்கிற டாக்டர், ஒரு டிரைவரைத் தேடி ஆள் அனுப்புகிறாரா?

டிப்போவில் அவருக்குக் 'கண்ணாடி' என்று பட்டப்பெயர். ஓட்டும்போது ஒரு கண் எப்போதும் பக்கக் கண்ணாடியில் இருக்கும். நிற்கிற காரின் கதவு திறக்கும், ஓரமாகப் போகிற சைக்கிள் குறுக்கே திரும்பும், பச்சை விளக்கும் பொய் சொல்லும். எதையும் நம்பாமல் ஓட்டியதால் ஒரு கோழிகூட அவர் வண்டியில் அடிபட்டதில்லை. "தூங்கும்போதும் ஒரு கண்ண மூட மாட்டாரு," என்பாள் மனைவி.

அப்படிப்பட்டவர் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு மச்சானை நம்பினார். சில காலமாகவே, படியேறினால் யாரோ முழங்காலை வைத்து நெஞ்சை அழுத்துவதுபோல் இருந்தது அவருக்கு. அந்த நேரம் பார்த்து டிப்போ இதயப் பரிசோதனை கேட்டது. உண்மையைச் சொன்னால் ஸ்டியரிங் கையைவிட்டுப் போகும். மச்சானோ வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் தூக்கிப் பிழைப்பவன். கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு. அக்காவுக்குத் தெரியாமல், கிளினிக்கில் மாமாவின் பெயரில் டிரெட்மில் மெஷின்மேல் நடந்துவிட்டு வந்தான். "இனிமே உங்க நெஞ்சு சிங்க நெஞ்சு மாமா!"

இப்போது வாயைக் கிளற ஆள் வந்திருக்கிறது. டிப்போவுக்குத் தெரிந்துவிட்டதா?

"சார், மூச்சு வாங்குதா?"

"எனக்கா? ஏன் கேக்குறீங்க?"

"டெஸ்ட் அன்னிக்கு நான் லீவு சார். டாக்டரும் நேத்து வரைக்கும் ஊர்ல இல்ல. இன்னிக்குத்தான் உங்க ரிப்போர்ட்டப் பாத்தார். பாத்ததும் முகமே மாறிடுச்சு. உடனே பெரிய ஆஸ்பத்திரில சேரணும். அதுவரைக்கும் ஒரு வாளித் தண்ணிகூடத் தூக்கக் கூடாது."

பொறி! பயமுறுத்தினால் உண்மையைக் கக்குவேன் என்று பார்க்கிறார்கள். அவர் சிரித்தார். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. போய்ச் சொல்லுங்க."

உள்ளே பீரோ மறுபடி கிறீச்சிட்டது. பாதியில் நின்றது.

"அக்கா... கொஞ்சம் தண்ணி குடு."

அந்தக் குரலில் வழக்கமான கேலி இல்லை. டிரைவரின் சிரிப்பு உறைந்துபோனது. வாழ்நாளெல்லாம் எல்லாவற்றையும் சந்தேகித்தவர், சந்தேகப்படாமல் விட்ட ஒரே நெஞ்சு அது!

"டேய் மாப்ளே! பீரோவ விடுடா!"

தோளைத் தேய்த்தபடி, வியர்வையில் குளித்து வந்தான் அவன். பின்னாலேயே தண்ணீரோடு அவன் அக்கா.

"அம்மா, அன்னிக்கு வந்தது நான் இல்ல. இவன்தான்," என்றார் டிரைவர்.

மனைவியின் கைத் தம்ளர் தரையில் உருண்டது. "உங்க வேலைக்காக என் தம்பி நெஞ்ச இரவல் வாங்கினீங்களா?"

"அக்கா, மாமாவத் திட்டாத. பீரோ வேற நடு ரூம்ல நிக்குது..."

"நிக்கட்டும்டா பாவி!" என்று அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

கிளினிக் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இவர உடனே கூட்டிட்டுப் போகணும். நான் வந்த வண்டி வெளியிலதான் நிக்குது."

அக்காள் தம்பியைத் தாங்கிக்கொண்டு வெளியேறினாள். கணவர் பின்னாலேயே ஓடினார். அவள் கையை நீட்டித் தடுத்தாள். "நீங்க வராதீங்க."

அவர் வாசலிலேயே நின்றார். "டிப்போவுக்குச் சொல்லிடுவீங்களா?" என்றார் கிளினிக் பெண்ணிடம்.

அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. "காலையில கிளினிக்குக்கு வாங்க சார். இந்தத் தடவ உங்க நெஞ்சோட."

"வர்றேன்மா. நாளைக்கு நான் வண்டி எடுக்கல."

அவள் தலையசைத்தாள். அது ஆறுதலா, எச்சரிக்கையா என்று அவர் யோசிப்பதற்குள் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.