பிழைத்ததா என்று எழுதுங்கள்

2003-ஆம் ஆண்டின் கோடைக்காலம். விமானப்படையில் இருந்த என் கணவருக்குப் புனேவுக்கு மாற்றலாகி, விமானத்தளத்தை ஒட்டிய லோஹேகாவ் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அடுத்த பிளாக்கில் இன்னொரு தமிழ்க் குடும்பம். அவர்கள் பெண் பி.ஏ. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட நாட்களிலேயே பார்வை மங்கத் தொடங்கி, கல்லூரியில் சேர்வதற்குள் முழுவதுமாகப் போய்விட்டிருந்தது. இங்கிலீஷில் இருக்கும் பாடத்தை யாராவது வாசித்தால் கேட்டுப் படிப்பாள். பரீட்சையில் அவள் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுவார்.

வாசிக்கும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. நான் தூத்துக்குடிக்காரி. பிறந்த வீட்டில் வாய் ஓயாதவள் என்று பெயர் வாங்கியவள். அதற்கும் ஒரு பிரயோஜனம் வந்துவிட்டதே என்று என் கணவர் கேலி செய்தார்.

முதலில் கேசட்டில் பதிந்து கொடுத்தேன். ஒரே பதிலைத் திரும்பக் கேட்பதற்காக அவள் முன்னும் பின்னும் ஓட்டுவதில் நாடா சிக்கிக்கொண்டு பாதிப் பாடம் வெளியே வந்துவிடும். அந்தச் சமயத்தில்தான் எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தோம். அதில் பதிந்தால் ஒவ்வொரு கேள்வியையும் தனித்தனியாக வெட்டி வைக்கலாம், சிடி பிளேயரில் பாட்டு மாற்றுவதுபோல அவள் வேண்டிய கேள்விக்குத் தாவிக்கொள்ளலாம். எல்லாப் பாடமும் முடிந்ததும் கடையில் கொடுத்து மொத்தமாக சிடியில் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தேன். மழைக்காலம் முடிந்ததும் தொடங்கிய வேலை. குக்கர் விசில் அடிக்கக் கூடாது, பக்கத்து வீட்டு நாய் குரைக்கக் கூடாது, தலைக்கு மேல் விமானம் பறக்கக் கூடாது. லோஹேகாவில் இருந்துகொண்டு அமைதிக்குக் காத்திருந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பரீட்சைக்குச் சில வாரங்களே இருந்தன. கடைசிப் பாடத்தையும் பதிந்து முடித்துவிட்டேன். ஒரு மதியம் கரண்ட் போய்ப் போய் வந்தது. கடைசியாக வந்தபோது கம்ப்யூட்டரிலிருந்து 'டப்' என்று ஒரு சத்தம், கூடவே ஒரு கருகல் வாசனை. மறுபடி போட்டுப் பார்த்தால் ஹார்ட் டிஸ்க் என்ற ஒன்றே இல்லை என்று திரையில் வந்தது.

கடைக்காரர் புதிது போடுங்கள் என்றார். உள்ளே இருப்பதை எடுக்க முடியுமா என்று கேட்டதற்கு, மும்பையில் எடுப்பார்கள், ஆனால் அது நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகாது என்று கையை விரித்துவிட்டார். மாதக்கணக்கில் வாசித்ததைச் சில வாரங்களில் மறுபடி வாசிக்க முடியாது. வாசித்தாலும் அந்தப் பெண் எப்போது கேட்டு எப்போது படிப்பாள்? அவள் அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் ஒரு நாள் முழுக்க வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டே இருந்தேன்.

பிறகு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்து தேடினேன். புனேவில் கம்ப்யூட்டரைப் பிரித்து மேய்வதையே பொழுதுபோக்காக வைத்திருந்த சிலர் இணையத்தில் ஒரு குழு நடத்திவந்தார்கள். என் சங்கடத்தை எழுதிப் போட்டேன். அன்றைக்கே பதில் வந்தது. என்ன சத்தம் கேட்டது, எங்கிருந்து கேட்டது, என்ன வாசனை என்று டாக்டர் மாதிரி விசாரித்திருந்தார்கள். கருகல் வாசனையை இங்கிலீஷில் விவரிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைசியில், ஞாயிற்றுக்கிழமை காலை டிஸ்க்கை எடுத்துக்கொண்டு கேம்ப் பகுதியில் ஓர் இரானி ஹோட்டலுக்கு வரச் சொன்னார்கள்.

டிஸ்க்கைப் பழைய டவலில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். முன்பின் தெரியாத ஆண்கள் கூட்டம், எப்படி இருக்குமோ என்ற பயம் எனக்கு இல்லாமலில்லை. போனால், டீ கிளாஸ்களுக்கும் வெண்ணெய் தடவிய பன் மஸ்காவுக்கும் நடுவில் ஒயரும் போர்டுமாகக் கடை பரப்பி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பள்ளிக்கூட ரப்பரால் ஏதோ ஒரு பாகத்தை அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நாற்காலியை நகர்த்திப் போட்டு, முதலில் டீ சொன்னார்கள்.

அவர்கள் கூலி வாங்குவதில்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கேள்வி கேட்டவர், பழுது சரியானாலும் ஆகாவிட்டாலும், என்ன செய்தோம், என்ன ஆயிற்று என்று குழுவுக்குத் திரும்ப எழுத வேண்டும். எழுதாமல் நழுவினால் அடுத்த முறை ஒருவரும் பதில் சொல்ல மாட்டார்கள். அந்தக் கடிதங்களெல்லாம் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இணையத்தில் அப்படியே இருக்கும்.

அங்கே ஒருவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "தமிழா நீங்க? நானும்தான் அக்கா. படிக்க வராது, பேச மட்டும் தோடா தோடா வரும்" என்றார். புனேவிலேயே, கட்கியில் பிறந்து வளர்ந்தவர், ஏதோ கம்பெனியின் ஸ்டோர்ஸில் வேலை. அவர்தான் டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்து, அடியில் இருக்கும் சர்க்யூட் போர்டு கருகியிருப்பதைக் காட்டினார். உள்ளே இருக்கும் தட்டு நன்றாக இருக்கலாம், அதே மாடல், அதே சமயத்தில் தயாரான இன்னொரு டிஸ்க்கின் போர்டைக் கழற்றி மாட்டினால் ஓடலாம் என்றார். லேபிளைச் சத்தமாகப் படித்தார்கள். யாரிடமும் அந்த மாடல் இல்லை. அவர் மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, வீட்டில் போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

மறுநாளே போன் வந்தது. அவர் தினமும் உபயோகிக்கும் கம்ப்யூட்டரிலேயே அதே டிஸ்க்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு, பாணேரில் இன்னொரு உறுப்பினரின் ஃபிளாட்டில் கூடினோம். அவர் மராட்டிக்காரர், சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, கறாரான மனிதர். கட்கிக்காரர் தன் டிஸ்க்கை மேஜையில் வைத்ததும், இதில் உள்ளதையெல்லாம் வேறு எங்காவது எடுத்து வைத்தாயா என்று மராட்டியில் கேட்டார். சிடியில் போட்டுவிட்டேன் என்றார் இவர். அந்த சிடியை வேறு மிஷினில் திறந்து பார்த்தாயா என்று அவர் விடாமல் கேட்டார். இவர் சிரித்து மழுப்பினார். காய்கறிக்காரரிடம் பேரம் பேசியே மராட்டி கற்றவள் நான். அந்த அளவுக்கு எனக்குப் புரிந்தது. வேண்டாம், நீங்கள் போய் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள், அடுத்த வாரம் செய்துகொள்ளலாம் என்றேன்.

"எக்ஸாமுக்குத் தேதி இருக்கு அக்கா. என் டிஸ்க் எங்க போயிடும்? இங்கதான இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே ஸ்க்ரூவைத் திருக ஆரம்பித்துவிட்டார்.

அவருடைய போர்டை என் டிஸ்க்கில் மாட்டிக் கரண்ட் கொடுத்தார்கள். லேசாக ஒரு சுழலும் சத்தம். கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கரிலிருந்து என் குரலே, "சாப்டர் ஒன்" என்றது. என் குரல் எனக்கு அவ்வளவு இனிமையாக அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. ஒவ்வொரு பாடமாகப் பாணேர்க்காரரின் டிஸ்க்குக்கு நகல் எடுக்கத் தொடங்கினார்கள். பொருளாதாரம் வந்தது, சரித்திரம் வந்தது. போர்டு சூடேறுகிறது என்று டேபிள் ஃபேனைக் கிட்டே வைத்தார்கள். கடைசியாக அரசியல் பாடத்தைத் தொட்டபோது திரை அப்படியே நின்றது. அதே கருகல் வாசனை. இந்த முறை யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

கோளாறு கரண்டில் மட்டுமில்லை, என் டிஸ்க்கின் மோட்டாரிலேயே இருந்திருக்கிறது. அது முதலில் என் போர்டைத் தின்றது, இப்போது அவருடையதையும் தின்றுவிட்டது. கட்கிக்காரர்தான் முதலில் நிமிர்ந்தார்.

"மத்த சப்ஜெக்ட் எல்லாம் வந்துடுச்சு இல்ல? போதும் அக்கா. சலோ, பாக்கியை நாமே படிச்சிடலாம்."

அப்படியே நடந்தது. அரசியல் புத்தகத்தின் அத்தியாயங்களை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒருவர் ரயில் வரும் அறிவிப்பு மாதிரி ஒரே மூச்சில் வாசித்தார். பாணேர்க்காரர் ஒவ்வொரு கமாவுக்கும் மரியாதை கொடுத்து வாசித்தார். நாடாளுமன்றத்தைப் பற்றிய அத்தியாயம் கட்கிக்காரருக்கு வந்தது. பத்திக்குப் பத்தி மூச்சு வாங்கிக்கொண்டு, வார்த்தை தடுக்கினால் 'சாரி' சொல்லிக்கொண்டு வாசித்தார். அந்த சாரிகளைப் பாணேர்க்காரரின் கம்ப்யூட்டரில் வெட்டி எடுக்கவே எனக்குத் தனியாக நேரம் பிடித்தது. சிடிகளைத் திறந்து பார்த்துச் சரிபார்த்து, பரீட்சைக்கு முன்னால் அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டேன்.

அவள் நல்லபடியாகப் பாஸ் செய்தாள். "பார்லிமென்ட் கேள்விக்கு எனக்கு அந்த அண்ணன் குரல்தான் கேட்டுச்சு ஆன்ட்டி. அவர் மூச்சு வாங்குற இடத்துல எல்லாம் நானும் நின்னு நின்னு சொன்னேன். எழுதினவங்க பாவம், பதில் முடிஞ்சிடுச்சான்னு கேட்டுட்டே இருந்தாங்க" என்று சிரித்தாள்.

நிபந்தனைப்படி நடந்ததையெல்லாம் குழுவுக்கு எழுதினேன். கதை அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மழை தொடங்கிய பிறகு ஒரு நாள், கட்கிக்காரர் குழுவுக்கு எழுதியிருந்த கடிதம் ஒன்று கண்ணில் பட்டது. ஒரு நண்பருக்காகப் போர்டைக் கழற்றியதாகவும், அது எரிந்துவிட்டதாகவும், அதற்கு முன் எடுத்து வைத்த சிடி எந்த மிஷினிலும் திறக்கவில்லை என்றும் எழுதியிருந்தார். அதில் இருந்தவை அவர் மகளின் படங்கள். பிறந்ததிலிருந்து நடக்கப் பழகியது வரை, மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த டிஜிட்டல் கேமராவில் எடுத்தவை. எதற்கும் பிரின்ட் போடவில்லை. சிடி போட்டதும் திறந்து பார்க்கச் சொல்லி மற்றவர்களுக்கெல்லாம் நானே உபதேசம் செய்வேன், நானே செய்யவில்லை, நீங்களாவது செய்யுங்கள் என்று முடித்திருந்தார். அந்த நண்பர் யார், எதற்காக என்று ஒரு வார்த்தை இல்லை.

படித்துவிட்டு அழுதேன். ஊரார் பிள்ளையின் பரீட்சைக்காக அவர் பிள்ளையின் குழந்தைப் பருவமே போய்விட்டதே என்று இருந்தது. போன் செய்தால், "பாப்பா எதிர்லயே ஓடிட்டு இருக்கா அக்கா, போட்டோ எதுக்கு" என்று பேச்சை மாற்றினார். குழந்தைக்கு ஒரு கவுன் வாங்கிக்கொண்டு கணவரோடு கட்கிக்குப் போனேன். அவர் மனைவி டீ கொடுத்தார், நன்றாகத்தான் பேசினார். கிளம்பும்போது, "இவர் யாருக்குமே இல்லன்னு சொல்ல மாட்டார்" என்றார். அது பெருமையா, குறையா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அவர் டிஸ்க்கின் தட்டு நன்றாகத்தான் இருந்தது, போர்டு மட்டும் கிடைத்தால் போதும். என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். அந்த டிஸ்க்கின் மாடல், தயாரான மாதம், போர்டில் இருந்த எண் எல்லாவற்றையும் எழுதி, இதே போர்டு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள் என்று குழுவில் போட்டேன். பதில் வரவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் வீட்டைச் சுத்தம் செய்யும்போது ஞாபகம் வரும், மறுபடி எழுதுவேன். எங்களுக்கு ஜோத்பூருக்கு மாற்றலானது, பிறகு தாம்பரம். அந்த டிஸ்க்கெல்லாம் கடைகளிலிருந்தே மறைந்துவிட்டது. குழுவிலும் ஆள் நடமாட்டம் குறைந்துவிட்டது. நானும் எழுதுவதை விட்டுவிட்டேன்.

2009-இல் ஒரு நாள், கோலாப்பூரிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் எனக்கு மெயில் அனுப்பியிருந்தார். அவருடைய பழைய டிஸ்க் கெட்டுப்போய், வைத்தியம் தேடி அதன் மாடல் எண்ணை இணையத்தில் போட்டிருக்கிறார். என்னுடைய பழைய கடிதம் வந்து நின்றிருக்கிறது. அவருக்குப் போனது போர்டு இல்லை, உள்ளே இருக்கும் தட்டிலேயே கீறல் விழுந்துவிட்டது. அதில் இருந்ததை யாராலும் எடுக்க முடியாது. என் போர்டு நன்றாக இருக்கிறது, நீங்கள் சொன்ன எண்ணோடும் ஒத்துப்போகிறது, எங்கே அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தார். தன் டிஸ்க்கில் எதை இழந்தார் என்று அவர் எழுதவில்லை.

தன் டிஸ்க்கை இன்னும் பத்திரமாக வைத்திருந்த கட்கிக்காரரின் முகவரியைக் கொடுத்தேன். கூரியர் போய்ச் சேர்ந்த அடுத்த ஞாயிறு காலை, அதே பாணேர் ஃபிளாட்டிலிருந்து எனக்குப் போன் வந்தது. கட்கிக்காரர் ஹலோ என்றார். அதற்குள் போனைப் பிடுங்கிப் பேசியது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் குரல்.

"ஆன்ட்டி, இந்த மொட்டை பேபி நானாம். அப்பா சொல்றாங்க. நெஜமாவா?"

ஆமாம்மா, நீதான் என்றேன், அந்தப் படத்தை நான் பார்த்ததே இல்லை என்றாலும். பின்னால் பாணேர்க்காரர் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். இந்த முறை நகல் எடுத்ததை வேறொரு மிஷினில் திறந்து பார்த்த பிறகுதான் அவர் யாரையும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க விட்டாராம்.

கோலாப்பூர்க்காரரின் மெயிலைக் கடைசி வரியைப் பார்ப்பதற்காக மறுபடி திறந்தேன். "என்னுடையது பிழைக்காது என்று தெரிந்துவிட்டது. உங்களுடையது பிழைத்ததா என்று மட்டும் எழுதுங்கள்" என்று முடித்திருந்தார். பிழைத்தது என்று அன்றைக்கே எழுதினேன், கூடவே அந்த மொட்டைக் குழந்தையின் படத்தையும் கேட்டு வாங்கி அனுப்பினேன். யாரிடமாவது எதற்காவது உதவி கேட்டால், முடிவு என்ன ஆனதென்று திரும்பிப் போய்ச் சொல்லாமல் இருக்க இன்றுவரை எனக்கு மனம் வருவதில்லை. தன்னுடையது போய்விட்டது என்று தெரிந்த பிறகும் மற்றவருடையது பிழைத்ததா என்று கேட்க, எங்கோ ஒருவர் காத்துக்கொண்டிருக்கலாம்.